போலி இன்டரப்ட் வராமல் டிரைவர் எழுதுவது எப்படி

லினக்ஸ் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் கர்னல் நிரல்) எழுத ஆரம்பித்தவர்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் இன்னொரு நாள் கர்னல் லாகில் "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்" (16-ஆம் இன்டரப்ட் லைனை யாரும் கண்டுகொள்ளவில்லை) என்ற வரியைப் பார்த்தே தீர்வார்கள். அதற்குக் கீழே ஒரு ஸ்டாக் டிரேஸ், அதற்கும் கீழே "டிசேபிளிங் ஐஆர்க்யூ #16". அதன் பிறகு சாதனம் முழுதாகச் செத்தும் போகாது, ஒழுங்காக வேலையும் செய்யாது. ஏதோ ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த வரிக்குப் பின்னால் நடப்பது இதுதான். ஒரு இன்டரப்ட் (சாதனம் "என்னைக் கவனி" என்று செயலிக்குக் கொடுக்கும் சிக்னல்) வந்ததும் அந்த லைனில் பதிவு செய்துகொண்ட ஹேண்ட்லர்களை (அதைக் கவனிக்க டிரைவர்கள் வைத்திருக்கும் ஃபங்ஷன்களை) எல்லாம் கர்னல் வரிசையாகக் கூப்பிட்டு "இது உன்னுடையதா?" என்று கேட்கிறது. எல்லோருமே "இல்லை" என்றால் அதை ஒரு கணக்கில் சேர்த்து வைக்கிறது. 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் இப்படி யாரும் உரிமை கோராமல் போனால், லைன் மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து அதையே அடைத்துவிடுகிறது. அடைத்த பிறகு ஒரு டைமரை வைத்து விநாடிக்குச் சுமார் 10 முறை ஹேண்ட்லர்களைத் தானே கூப்பிட்டுப் பார்க்கும். சாதனம் ஊர்வதற்குக் காரணம் அதுதான். அதே லைனைப் பகிர்ந்துகொண்டிருக்கும் வேறு சாதனங்களும் சேர்ந்து ஊரும், அவற்றின் டிரைவரில் எந்தத் தப்பும் இல்லாவிட்டாலும்.

போலி இன்டரப்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வகை, சாதனங்களின் லைன்களை வாங்கிச் செயலிக்குச் சொல்லும் இன்டரப்ட் கன்ட்ரோலரே "காரணம் இல்லை" என்று சொல்லிவிடுவது. லைன் உயர்ந்தது, செயலி எந்த எண் என்று கேட்பதற்குள் லைன் இறங்கிவிட்டது, கேட்டதற்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். பழைய 8259 கன்ட்ரோலர் அப்போது 7-ஆம் எண்ணைத் தரும், இரண்டாவது சிப்பாக இருந்தால் 15. ஆர்ம் செயலிகளின் ஜிஐசி 1023 என்ற எண்ணைத் தரும். எக்ஸ்86-இன் லோக்கல் ஏபிக்-இல் இதற்கென்றே தனி வெக்டர் உண்டு. இவற்றைக் கர்னலே பார்த்துக்கொள்ளும், டிரைவர் எழுதுகிறவர் தொட வேண்டியதில்லை. நீங்களே சொந்தமாகக் கர்னல் எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏபிக்-இன் போலி வெக்டருக்கும் ஜிஐசி-யின் 1023-க்கும் "முடிந்தது" என்ற இஓஐ எழுதவே கூடாது. 8259-இல் 15 போலியாக வந்தால் முதல் சிப்புக்கு மட்டும் எழுத வேண்டும், ஏனென்றால் அதைப் பொறுத்தவரை இரண்டாவது சிப்பிடமிருந்து வந்தது நிஜமான இன்டரப்ட்.

இரண்டாவது வகைதான் நம்முடையது. சாதனம் நிஜமாகவே லைனை இழுக்கிறது, ஆனால் எந்த ஹேண்ட்லரும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. அல்லது ஏற்றுக்கொண்ட பிறகும் அதே காரணத்துக்காக இன்னொரு முறை வந்து நிற்கிறது. இனிமேல் சொல்லப்போவது எல்லாம் இதைப் பற்றி.

முதலில் ஆதாரத்தைப் பாருங்கள்

கோடில் கை வைப்பதற்கு முன், கர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பமைப்பில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் லைன் எது, அதில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அது எட்ஜா லெவலா (லைன் மாறும் கணத்தைப் பார்ப்பதா, லைன் நிற்கும் நிலையைப் பார்ப்பதா), எந்த செயலிக்கு எத்தனை போயிருக்கிறது, எல்லாம் ஒரே வரியில் தெரியும். சாதனத்துக்கு எந்த வேலையும் கொடுக்காமல் சில விநாடி விட்டு மறுபடி பாருங்கள். சும்மா இருக்கும்போது எண் ஏறிக்கொண்டே போனால் அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

அப்புறம், பலர் கவனிக்காத ஒரு கோப்பு. ப்ராக்கில் ஐஆர்க்யூ என்ற அடைவுக்குள் ஒவ்வொரு இன்டரப்ட் எண்ணுக்கும் ஒரு அடைவு இருக்கும், அதற்குள் ஸ்பூரியஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு. அதில் உரிமை கோரப்படாதவை எத்தனை, கடைசியாக எப்போது என்ற இரண்டும் இருக்கும். இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு போலிகளுக்கு இடையே விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி இருந்தால் கர்னல் அந்தக் கணக்கை மறுபடியும் 1-இலிருந்து தொடங்கும். அதனால் நிதானமாக, விநாடிக்கு ஐந்தாறு என்று வரும் போலிகள் எத்தனை நாள் ஓடினாலும் "நோபடி கேர்ட்" எச்சரிக்கை வராது, கணக்கும் 1-லேயே உட்கார்ந்திருக்கும். கடைசி நேரம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

லைனைக் கேட்பதற்கு முன் சாதனத்தை அடக்குங்கள்

புதியவர்கள் எழுதும் ப்ரோப் ஃபங்ஷனில் (சாதனத்தைத் தயார் செய்யக் கர்னல் முதலில் கூப்பிடுவது) நான் அடிக்கடி பார்ப்பது இந்த வரிசை: நினைவகம் ஒதுக்கு, ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ கூப்பிடு (லைனில் ஹேண்ட்லரைப் பதிவு செய்வது இதுதான்), பிறகு சாதனத்தை ரீசெட் செய், பிறகு ரெஜிஸ்டர்களை நிரப்பு. இது தலைகீழ். உங்கள் டிரைவர் ஏறும்போது சாதனம் என்ன நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பூட்லோடர் அதைப் பயன்படுத்திவிட்டு இன்டரப்டை எனேபிள் செய்தபடியே விட்டுப் போயிருக்கலாம். கேடம்ப் (கர்னல் விழுந்தால் அதன் நிலையைச் சேமிக்க இன்னொரு கர்னலை எழுப்பும் வசதி) வழியாக இரண்டாவது கர்னல் எழும்பியிருந்தால் முந்தைய கர்னலின் வேலை பாதியில் நிற்க, சாதனம் இன்னும் லைனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கலாம்.

சரியான வரிசை இது. முதலில் சாதனத்தின் மாஸ்க் ரெஜிஸ்டரில் (எந்த இன்டரப்டை அனுப்பலாம் என்று தீர்மானிப்பது) எல்லா இன்டரப்டுகளையும் அணையுங்கள். எழுதியது சாதனத்தைப் போய்ச் சேர்ந்தது உறுதியாக அதே சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படியுங்கள் (ஏன் என்று கீழே சொல்கிறேன்). ரீசெட் உண்டு என்றால் செய்யுங்கள், செய்து முடித்ததும் மாஸ்க் இன்னும் அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சில சிப்புகளில் ரீசெட் ஆனதும் எல்லா இன்டரப்டும் திறந்த நிலைக்குப் போய்விடும். பிறகு ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் (என்ன நிகழ்வு நடந்தது என்று காட்டுவது) தேங்கி நிற்பதை அழியுங்கள். ஹேண்ட்லர் தொடப்போகும் லாக், பஃபர், பாயின்டர் எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். அதற்கு அப்புறம்தான் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ. சாதனத்தின் மாஸ்கைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

பகிரும் லைனாக இருந்தால் இந்த வரிசை இன்னும் முக்கியம். ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்பி வருவதற்கு முன்பே, பக்கத்துச் சாதனத்தின் இன்டரப்டுக்காக உங்கள் ஹேண்ட்லர் ஓடலாம். அப்போது ரெஜிஸ்டர் முகவரி மேப் ஆகாமல் இருந்தால் கர்னல் அங்கேயே விழும்.

எட்ஜா லெவலா

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், டேட்டாஷீட்டில் ஒரு வரியில் இருக்கும் விஷயம். சாதனம் காரணம் தீரும்வரை லைனைப் பிடித்துக்கொண்டிருக்குமா, அல்லது ஒரு துடிப்பு மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிடுமா? பிடித்துக்கொண்டிருப்பதை எட்ஜ் என்று பதிவு செய்தால் சில இன்டரப்டுகள் தொலையும். துடிப்பு மட்டும் கொடுப்பதை லெவல் என்று பதிவு செய்தால் செயலி எட்டிப் பார்ப்பதற்குள் லைன் இறங்கியிருக்கும், போலிக்கு அது நேர் வழி. டிவைஸ் ட்ரீயில் (பலகையில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று கர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு) இந்த எண்கள் 1 ஏறும் எட்ஜ், 2 இறங்கும் எட்ஜ், 4 உயர் லெவல், 8 தாழ் லெவல். ஜிஐசி-யின் பொது லைன்கள் 1-ஐயும் 4-ஐயும் மட்டுமே ஏற்கும். தாழ் லெவலில் வேலை செய்யும் சிப்பை நேராக அதில் இணைத்துவிட்டு 8 என்று எழுதினால் நடக்காது, நடுவில் ஒரு இன்வர்ட்டரோ ஜிபிஐஓ (பொதுப் பயன் பின்கள்) கன்ட்ரோலரோ இருந்தாக வேண்டும். டிவைஸ் ட்ரீயில் வகையைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் கோடில் மறுபடி வேறு ஒன்றைச் சொல்லாதீர்கள், அங்கே விட்டுவிடுங்கள்.

ஹேண்ட்லரின் முதல் வேலை: இது என்னுடையதா?

ஹேண்ட்லர் நுழைந்ததும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை ஒரே ஒரு முறை படித்து ஒரு லோக்கல் வேரியபிளில் வையுங்கள். அதன் பிறகு மூன்று கேள்வி.

எல்லா பிட்டும் 1 ஆக வந்திருக்கிறதா? பிசிஐ சாதனத்தைப் பிடுங்கிவிட்டால், அல்லது அது டி3 உறக்கத்தில் இருந்தால், படிக்கும்போது இப்படித்தான் வரும். இந்தச் சோதனை இல்லாத ஹேண்ட்லர் எல்லா இன்டரப்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது என்று நம்பி எல்லா வேலையையும் செய்யக் கிளம்பும், சில சமயம் லூப்பிலிருந்து வெளியே வராமலே மாட்டிக்கொள்ளும். எல்லாம் 1 என்றால் ஐஆர்க்யூ_நன் ("என்னுடையது இல்லை" என்ற பதில்) கொடுத்துவிட்டு வெளியேறுங்கள்.

அடுத்தது, நீங்கள் எனேபிள் செய்து வைத்த பிட்டுகளில் ஏதாவது எழும்பியிருக்கிறதா? இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பல சிப்புகளில் மாஸ்க் செய்திருந்தாலும் நிகழ்வு நடந்தால் ஸ்டேட்டஸ் பிட் ஏறத்தான் செய்யும், லைனை மட்டும் இழுக்காது. ஸ்டேட்டஸை அப்படியே நம்பினால் பக்கத்துச் சாதனத்தின் இன்டரப்டை உங்களுடையது என்று சொல்லிவிடுவீர்கள். படித்த மதிப்பை உங்கள் எனேபிள் மாஸ்கோடு ஆண்ட் செய்து, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மிச்சம் பூஜ்யமா? அப்படியென்றால் ஐஆர்க்யூ_நன். வேறு எதையும் தொடாமல், எதையும் எழுதாமல் திரும்புங்கள்.

எச்சரிக்கை வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எப்போதும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் ("கவனித்துவிட்டேன்") திருப்பி அனுப்புகிற கோடைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அது கர்னலிடம் சொல்லும் பொய். லைன் மாட்டிக்கொண்டால் காப்பாற்றுவதற்கென்றே கர்னல் வைத்திருக்கும் ஒரே கணக்கை அது கெடுக்கிறது. பக்கத்துச் சாதனத்தின் டிரைவர் பழுதாகி லைன் நிமிடக்கணக்கில் அலறினாலும் கர்னல் "எல்லாம் சரியாகக் கவனிக்கப்படுகிறது" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு செயலி முழுக்க இன்டரப்டிலேயே மூழ்கிப் போகும், லாகில் "நோபடி கேர்ட்" வரி கூட இருக்காது. அந்த நிலையில் காரணத்தைத் தேடுகிறவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அழிப்பது: இங்கே நிதானமாகப் படியுங்கள்

என் அனுபவத்தில் போலிகளில் பெரும்பாலானவை பிறப்பது ஸ்டேட்டஸை அழிக்கும் இடத்தில். பல ரெஜிஸ்டர்கள் 1 எழுதினால் அழியும் வகை. அப்படிப்பட்டதில், படித்து வேரியபிளில் வைத்த அதே மதிப்பைத்தான் திரும்ப எழுத வேண்டும். எல்லா பிட்டுக்கும் 1 எழுதிவிட்டால், நீங்கள் படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே எழும்பிய புதிய நிகழ்வும் சேர்ந்து அழிந்துவிடும். "படி, ஒரு பிட்டை ஆர் செய், திரும்ப எழுது" என்ற வழக்கமான முறையும் இங்கே ஆபத்துதான், ஒரு பிட்டை அழிக்கப் போய் எழும்பியிருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும். அழிந்துபோன நிகழ்வின் லைன் ஏற்கெனவே கன்ட்ரோலரில் பதிவாகியிருக்கலாம். ஆக உங்களுக்கு ஒரு போலி வரும், ஒரு நிஜம் தொலையும், இரண்டும் ஒரே வரியால்.

எப்போது அழிப்பது என்பதும் சாதனத்தைப் பொறுத்தது. நிகழ்வு நடந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிட் என்றால் முதலில் அழித்துவிட்டு அப்புறம் வேலையைச் செய்யுங்கள், வேலை நடக்கும்போது இன்னொன்று வந்தால் பிட் மறுபடி ஏறும், எதுவும் தொலையாது. ஆனால் ஃபிஃபோவில் (டேட்டா வந்த வரிசையில் காத்திருக்கும் இடம்) டேட்டா இருக்கும்வரை 1 ஆகவே நிற்கும் பிட் என்றால் முதலில் டேட்டாவைக் காலி செய்ய வேண்டும், அதற்கு முன் அழிப்பதில் பலன் இல்லை.

இப்போது திரும்பப் படிப்பது எதற்கு என்ற விஷயத்துக்கு வருவோம். பிசிஐ-யில் எழுதுவது என்பது அனுப்பிவிட்டு மறந்துவிடுவது. செயலி ஸ்டேட்டஸை அழிக்க ரைட்எல் (ரெஜிஸ்டரில் எழுதும் கர்னல் ஃபங்ஷன்) கூப்பிடுகிறது, அந்த எழுத்து வழியில் உள்ள ஏதோ ஒரு பிரிட்ஜில் காத்து நிற்கிறது, செயலி நிற்காமல் மேலே போய்விடுகிறது. ஹேண்ட்லர் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் கொடுத்து முடிகிறது. கர்னல் லைனைத் திறக்கிறது. சாதனமோ அழிக்கச் சொன்னதே இன்னும் கைக்கு வராததால் லைனை விடவில்லை. உடனே இன்னொரு இன்டரப்ட். ஹேண்ட்லர் மறுபடி நுழைந்து ஸ்டேட்டஸைப் படிக்கிறது. பிசிஐ விதிப்படி படிப்பு, தனக்கு முன்னால் போன எழுத்தை முந்த முடியாது, அதைத் தள்ளிக்கொண்டுதான் போகும். ஆகவே சாதனம் முதலில் அழிகிறது, பிறகு படிப்புக்குப் பூஜ்யம் பதிலாக வருகிறது. ஐஆர்க்யூ_நன்.

இதன் அடையாளத்தை ஒரு முறை தெரிந்துகொண்டால் மறக்க மாட்டீர்கள். சாதனம் 1,000 பேக்கெட்டுக்கு 1,000 இன்டரப்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் கணக்கு 2,000-ஐ ஒட்டி நிற்கும், அதில் கிட்டத்தட்ட பாதி உரிமை கோரப்படாதவை. பாதிதான் என்பதால் 99,900 என்ற எல்லையைத் தொடவே தொடாது, கர்னல் வாயே திறக்காது. நேரம் மட்டும் வீணாகிக்கொண்டிருக்கும். தீர்வு ஒரே வரி: அழித்த பிறகு அதே சாதனத்தின் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படித்துவிடுங்கள். ரைட்எல்-க்குள் இருக்கும் பேரியர் வரிசையைத்தான் காக்கும், சாதனம் வாங்கிக்கொள்ளும்வரை காத்திருக்காது, அதை நம்பி இருக்க வேண்டாம். படிப்பது என்பது போய் வரும் நேரம் முழுக்கச் செயலியை நிறுத்தி வைக்கும் செலவான வேலை, அதனால் ஹேண்ட்லர் முழுக்கத் தூவாமல் கடைசியாக அழிக்கும் எழுத்துக்குப் பிறகு ஒரு முறை மட்டும் போடுங்கள்.

இது லினக்ஸுக்கு மட்டும் உரியதும் அல்ல. கார்டெக்ஸ்-எம் மைக்ரோகன்ட்ரோலரில் இன்டரப்ட் ஃபங்ஷனின் கடைசி வரியில் பெரிஃபெரல் ஃபிளாகை அழிக்கிறவர்களுக்கு அதே இன்டரப்ட் இரண்டு தடவை ஓடுவதும் இதே காரணத்தால்தான். அங்கே அழிப்பதை முதல் வரிக்குக் கொண்டு வந்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும், முடியாவிட்டால் அழித்த ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்துவிட்டு ஒரு டிஎஸ்பி கட்டளையையும் (அதுவரை செய்த எழுத்துகள் முடியும்வரை செயலியை நிறுத்தி வைப்பது) போட்டுவிட்டு வெளியேறலாம்.

ஐ2சி, எஸ்பிஐ சாதனங்கள்

இவை மெதுவான சீரியல் பஸ்களில் இணைந்தவை. இவற்றின் ஸ்டேட்டஸைப் படிக்க பஸ்ஸில் காத்திருக்க வேண்டும், ஹார்டு இன்டரப்டில் தூங்க முடியாது. எனவே தூங்கக்கூடிய தனி த்ரெட்டில் ஓடும் த்ரெட்டட் ஹேண்ட்லர். லெவல் லைன் என்றால், த்ரெட் ஓடி முடியும்வரை லைன் மூடியிருக்க ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் த்ரெட் ஓட வாய்ப்பே கிடைக்காமல் இன்டரப்ட் அடித்துக்கொண்டே இருக்கும். ஹார்டு இன்டரப்டில் ஓடும் முதன்மை ஹேண்ட்லரே கொடுக்காமல் ஒன்ஷாட்டையும் விட்டுவிட்டால், சிப்பே ஒன்ஷாட்டைப் பார்த்துக்கொள்ளும் சில கன்ட்ரோலர்களைத் தவிர மற்றவற்றில் கர்னல் பதிவு செய்யவே மறுத்துவிடும்.

எம்எஸ்ஐ கிடைத்தால் விடாதீர்கள்

பிசிஐ-யின் பழைய ஐஎன்டிஎக்ஸ் லைன்கள் லெவல் வகை, பலர் பகிர்வது. எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் இரண்டும் (லைனுக்குப் பதில் செய்தியாக அனுப்பப்படும் இன்டரப்டுகள்) ஒரு நினைவக எழுத்து, அவ்வளவுதான். பகிர்வு இல்லை, பிடித்து நிற்கும் லைன் இல்லை, சாதனம் அதற்கு முன் நேராக நினைவகத்துக்கு அனுப்பிய டிஎம்ஏ டேட்டா முதலில் வந்து சேர்ந்திருக்கும். பிசிஐ_அல்லோக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ் கூப்பிட்டு முதலில் எம்எஸ்ஐ-எக்ஸ், அப்புறம் எம்எஸ்ஐ, இரண்டும் இல்லையென்றால் மட்டும் ஐஎன்டிஎக்ஸ் என்று கேளுங்கள். இங்கேயும் ஒரு வகைப் போலி வரலாம்: உங்கள் போலிங் லூப் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டது, அதற்காகச் சாதனம் அனுப்பிய செய்தி வழியில் இருந்தது. வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. எப்போதாவது இப்படி வருவது இயல்பு. அதற்காகக் கோடைச் சிக்கலாக்க வேண்டாம், ஐஆர்க்யூ_நன் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெளியேறும்போதும் உறங்கும்போதும்

நுழையும்போது செய்ததைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். சாதனத்தின் மாஸ்கை அணைத்து, திரும்பப் படித்து, சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ கூப்பிட்டு வேறு செயலியில் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியக் காத்திருந்து, அப்புறம் ஃப்ரீ_ஐஆர்க்யூ. பஃபரையும் மேப்பிங்கையும் விடுவிப்பது அதற்குப் பிறகு. டெவ்எம் வகை ஃபங்ஷன்களை (எடுத்ததைக் கர்னலே பிறகு தானாக விடுவிப்பவை) பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெவ்எம் வழியாகப் பதிவு செய்த இன்டரப்ட் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுபடும். ரிமூவுக்குள் பஃபரை நீங்கள் கையால் விடுவித்தீர்கள் என்றால், அந்த இடைவெளியில் வரும் ஒரே ஒரு போலி போதும், ஹேண்ட்லர் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். எல்லாவற்றையும் டெவ்எம்-இல் எடுத்து இன்டரப்டைக் கடைசியாகக் கேளுங்கள், அல்லது எதையுமே டெவ்எம்-இல் எடுக்காதீர்கள். பாதிப் பாதியாகக் கலப்பதுதான் வினை.

உறக்கத்திலும் இதே கதை. சாதனத்தின் கிளாக்கை நிறுத்திய பிறகு பக்கத்துச் சாதனத்துக்காக உங்கள் ஹேண்ட்லர் ஓடினால், பல எஸ்ஓசி-களில் ரெஜிஸ்டரைப் படிப்பதே பஸ்ஸைத் தொங்க வைத்துவிடும். கிளாக்கை நிறுத்துவதற்கு முன் ஒரு கொடியை ஏற்றி, சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ கூப்பிடுங்கள். ஹேண்ட்லரின் முதல் வரி அந்தக் கொடியைப் பார்க்கட்டும், ஏறியிருந்தால் ரெஜிஸ்டரைத் தொடாமல் ஐஆர்க்யூ_நன். இன்னொன்று, டிசேபிள்_ஐஆர்க்யூவை ஹேண்ட்லருக்கு உள்ளேயிருந்து கூப்பிடாதீர்கள். ஹேண்ட்லர் முடியட்டும் என்று அது காத்திருக்கும், ஹேண்ட்லர் அது திரும்பட்டும் என்று காத்திருக்கும். காத்திருக்காத நோசிங்க் வகைதான் அங்கே செல்லும்.

கோடில் தப்பே இல்லை என்றால்

பலகையைப் பாருங்கள். ஓப்பன் டிரெய்ன் லைனுக்குப் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாமல் இருந்தாலோ, ஜிபிஐஓ உள்ளீடு எங்கும் கட்டப்படாமல் மிதந்தாலோ, பக்கத்து லைனில் ஓடும் சிக்னலே இன்டரப்டாகப் பதிவாகும். பட்டன் போன்றவற்றுக்கு டிபவுன்ஸ் வேண்டும். ஆசிலோஸ்கோப்பின் ஒரு முனையை இன்டரப்ட் பின்னில் வைத்து, ஹேண்ட்லரின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் ஒரு காலி ஜிபிஐஓவை ஏற்றி இறக்கி அதை இன்னொரு முனையில் பார்த்தால், லைன் எப்போது இறங்குகிறது, ஹேண்ட்லர் எப்போது முடிகிறது என்று கண்ணால் தெரியும். ஹேண்ட்லர் முடிந்த பிறகு லைன் இறங்கினால் மேலே சொன்ன எழுத்துத் தாமதம். ஹேண்ட்லர் தொடங்கும் முன்பே இறங்கியிருந்தால் அது துடிப்பு அல்லது இரைச்சல்.

சோதிக்கும்போது

கர்னலை டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ தேர்வோடு தொகுத்துக்கொள்ளுங்கள். பகிரும் லைனை ஃப்ரீ_ஐஆர்க்யூ விடுவிக்கும்போது அது ஹேண்ட்லரை வேண்டுமென்றே ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கும். வெளியேறும் வரிசை தப்பாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சாதனம் முழு வேகத்தில் ஓடும்போதே மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள், லைனைப் பகிரும் சாதனத்துக்கும் அதே நேரத்தில் வேலை கொடுங்கள், உறங்க வைத்து எழுப்புங்கள், முடிந்தால் கர்னலை வேண்டுமென்றே விழ வைத்து கேடம்ப் கர்னலில் டிரைவர் எழும்புகிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஸ்பூரியஸ் கோப்பைத் திறந்து கடைசி நேரம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

"நோபடி கேர்ட்" செய்தியே ஐஆர்க்யூபோல் என்ற பூட் தேர்வைப் போட்டுப் பார்க்கச் சொல்லும். அதைப் போட்டால், யாரும் உரிமை கோராத இன்டரப்ட் வரும்போதெல்லாம் கர்னல் மற்ற லைன்களின் ஹேண்ட்லர்களையும் கூப்பிட்டுப் பார்க்கும், டைமர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதையே செய்யும். இயந்திரத்தை எப்படியாவது எழுப்பி லாகை எடுக்க அது உதவும், லைன் எண் தப்பாகப் பதிவாகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் உதவும். லாகை எடுத்த கையோடு அதை நீக்கிவிட்டு டிரைவருக்குத் திரும்புங்கள். நோஐஆர்க்யூடீபக் என்ற இன்னொரு தேர்வு கர்னலின் அந்தக் கணக்கையே நிறுத்திவிடும், டிரைவரைச் சோதிக்கும் இயந்திரத்தில் அதைப் போடவே போடாதீர்கள்.